மூன்று பரப்புக் காணியில் ஒரு வியாபாரம்

"மச்சான், மருதனார்மடப் பக்கம் மூன்று பரப்புக் காணி குத்தகைக்குப் பார்த்துத் தர முடியுமா?" என்று மனைவியின் தங்கை கேட்டபோது, வீட்டுத் தோட்டம் ஏதும் செய்யப் போகிறாராக்கும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் எதைப் போட்டாலும் விளையும். சந்தையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நல்ல யோசனை என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

"பயிர் செய்ய இல்லை மச்சான். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்க. காசுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு வருத்தப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மச்சாளுக்கு வயது நாற்பத்தைந்து. ஒரு தனியார் நிறுவனத்தில் பத்தொன்பது வருடங்களாகக் காசாளர் வேலை. மாதம் முடியச் சம்பளம் வரும். அதை விட்டுவிட்டு விளையாட்டுப் பழக்கப் போகிறேன் என்றால் எந்த மச்சான்தான் சிரிக்கமாட்டான்? நம்மவர்களுக்கு வியாபாரம் என்றால் துணி, இரும்பு, பலசரக்கு, ஹோட்டல். கண்ணுக்குத் தெரியும் சரக்கு வேண்டும், தராசு வேண்டும். பந்தை வலைக்குள் போடப் பழக்குவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது என் கேள்வி.

ஆனால் கேட்டவர் காசாளர். வெறுங்கையோடு வரவில்லை. அப்பியாசக் கொப்பி ஒன்றில் வரவு செலவு எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பரப்பு எதற்கு என்று கேட்டேன். வலைப்பந்தாட்ட ஆடுகளம் 100 அடி நீளம், 50 அடி அகலம். நாலு பக்கமும் பத்தடி விட்டால் 120க்கு 70, அதாவது 8,400 சதுர அடி. ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ், ஏறக்குறைய 2,720 சதுர அடி. ஆகவே மூன்று பரப்புக்குக் கொஞ்சம் கூட வேண்டும் என்றார். கடை வாடகைக்கு எடுக்கும்போது நம்மில் எத்தனை பேர் இப்படி அளந்து பார்க்கிறோம்?

அடுத்த சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் தாண்டினால் மருதனார்மடம் சந்தி. அதற்கப்பால் சுன்னாகம். சந்தியில் நின்று மச்சாள் விரலை மடக்கி எண்ணினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய இராமநாதன் பெண்கள் கல்லூரி இங்கே இருக்கிறது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி பக்கத்து ஊரில். சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல பாடசாலைகள். பஸ் வசதி இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் சந்தைக்குப் போய்வரலாம். "சோனகத் தெருவில் இவ்வளவு காணியும் கிடைக்காது, இவ்வளவு பிள்ளைகளும் இல்லை" என்றார். உண்மைதான். 1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, அங்குள்ள பாடசாலையில் வலைப்பந்தாட்டம் பழகி, பதினாறு வயதில் நிறுத்தியவர்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். இத்தனை வருட உறவில் ஒருநாளும் கேட்டதில்லை. பயிற்றுநர் ஆண். பயிற்சி முடிய மஃரிப் ஆகிவிடும். உடுப்பு முழங்காலுக்கு மேலே. மூன்று காரணம் சொன்னார். விளையாட்டுப் பிடிக்காமற் போனது என்ற காரணம் அதில் இல்லை. அவருடைய மகளும் தரம் எட்டில் அதே காரணங்களுக்காக நிறுத்திவிட்டாள். "இப்பிடி நிற்பாட்டின பிள்ளைகள்தான் மச்சான் என்ட கஸ்டமர். கெட்டிக்காரப் பிள்ளைகளை பாடசாலை பார்த்துக்கொள்ளும்."

இந்த ஒரு வசனத்தில்தான் நான் சிரிப்பை நிறுத்தினேன். வாடிக்கையாளர் யாரென்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வியாபாரிகள் நம் கடைத்தெருவிலேயே குறைவு.

வீட்டுக்கு வந்து, இப்படி வேறெங்காவது ஒரு பெண் செய்திருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். அகப்பட்ட ஒரு கதை மச்சாள் சொன்னதையே உலக அளவில் சொன்னது போலிருந்தது. லெபனானில் பிறந்து, சின்ன வயதில் அவுஸ்திரேலியா சென்று குடியேறியவர் அஹேதா ஸனட்டி. முப்பதைத் தாண்டிய தாய். அவருடைய சகோதரியின் மகள் ஹிஜாப் அணிந்தவள். வலைப்பந்தாட்டக் குழுவில் சேர ஆசைப்பட்டாள். சேர்ப்பதற்கே தாய் போராட வேண்டியிருந்தது. குடும்பமாகப் போய் முதல் போட்டியைப் பார்த்தார்கள். நீண்ட உடுப்பும் துணி மேல் துணியுமாக ஓடிய பிள்ளை வெப்பத்தில் முகம் தக்காளி போலச் சிவந்து நின்றது. அஹேதா வீடு திரும்பி, முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று விளையாட்டு உடுப்பு எங்கும் விற்கிறார்களா என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. தானே வெட்டித் தைத்தார். ஹிஜாபில் மிதமிஞ்சிய துணியைக் குறைத்துத் தலையோடு ஒட்டி நிற்கும்படி செய்ததற்கு 'ஹிஜூட்' என்று பெயர். அதிலிருந்து 2004இல் நீச்சல் உடுப்பு பிறந்தது. அதுதான் பின்னாளில் உலகமே வாதாடிய 'புர்கினி'. பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்தார். நம் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் பிரபலமான பிறகு பதிவுக்கு ஓடுவது நமது வழக்கம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 2005 டிசம்பரில் சிட்னியின் குரொனல்லா கடற்கரையில் இனக் கலவரம் நடந்தது. அதன் பிறகு அந்நாட்டின் கடற்கரை உயிர்காப்பு அமைப்பு முஸ்லிம் இளைஞர்களையும் யுவதிகளையும் தன்னிடம் சேர்க்க முன்வந்தது. பெண் உயிர்காப்பாளருக்குச் சிவப்பும் மஞ்சளுமான சீருடை வேண்டும். அதை முழு உடலையும் மறைக்கும் வகையில் செய்துகொடுத்தவர் அஹேதா. 2007இல் அந்த உடுப்போடு ஒரு முஸ்லிம் யுவதி கடற்கரையில் நின்ற படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. வீட்டில் தைக்கத் தொடங்கிய பெண்ணுக்கு ஒரு நிறுவனம் வாடிக்கையாளராகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி. 2016இல் பிரான்சில் சுமார் முப்பது ஊர்கள் இந்த உடுப்பைத் தடை செய்தன. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26ஆம் திகதி ஓர் ஊரின் தடையை இடைநிறுத்தியது. தடைப் பேச்சால் விற்பனை கூடியதே தவிரக் குறையவில்லை. வாங்குவோரில் நாற்பது விழுக்காட்டினர் அளவில் முஸ்லிம் அல்லாதவர்கள் என்றும் அவர் அந்நாட்களில் பத்திரிகைகளுக்குச் சொன்னார். வெயிலுக்குப் பயந்தவர்கள், தோல் நோயுள்ளவர்கள், உடம்பைக் காட்ட விருப்பமில்லாதவர்கள் என்று பலரும் வாங்கியிருக்கிறார்கள்.

இதே காலத்தில் பெரிய கம்பனிகளும் சம்மேளனங்களும் எங்கே இருந்தன? உதைபந்தாட்டத்தில் ஹிஜாப் கூடாது என்று 2007இல் சொன்னார்கள். 2011 ஜூனில் ஈரான் பெண்கள் அணி அந்த உடுப்பினாலேயே ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியை இழந்தது. 2012இல் பரீட்சார்த்தமாக விட்டுக்கொடுத்து, 2014 மார்ச்சில்தான் விதியை மாற்றினார்கள். அதே 2014இல் தென்கொரியாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி ஹிஜாபைக் கழற்றமாட்டோம் என்று விலகிக்கொண்டது. கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இல் மாறியது. நைக்கி கம்பனி விளையாட்டு ஹிஜாபைக் கடைக்குக் கொண்டுவந்ததும் 2017இல்தான். ஒரு தாய் 2004இல் கண்ட சந்தையை உலகின் மிகப் பெரிய விளையாட்டுப் பொருள் கம்பனி காணப் பதின்மூன்று வருடம் சென்றது. அந்தக் கம்பனியில் சந்தை ஆய்வு செய்ய ஆளில்லாமலா போயிற்று? மைதான ஓரத்தில் நின்று வியர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

நமக்குக் கிட்டிய இன்னொரு பெண்மணி கேரளத்தின் பி.டி. உஷா. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் நூறில் ஒரு செக்கனால் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டவர். 2000இல் ஓட்டத்தை நிறுத்தி, 2002இல் கொயிலாண்டியில் பெண் பிள்ளைகளுக்கான தடகளப் பாடசாலையைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோடு மாவட்டத்தின் கினாலூருக்கு அது மாறியது. அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2010இல் 800 மீற்றரில் இந்தியச் சாதனையைப் புதுப்பித்து, 2012, 2016 ஒலிம்பிக் இரண்டிலும் ஓடினார். பெரிய காரியம். ஆனால் மச்சாளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "அது தர்மம் மச்சான். ஆட்கள் காசு கொடுப்பார்கள், நல்ல பிள்ளைகளைத் தெரிவு செய்து வைத்துப் பழக்குவா. எனக்கு உஷா மாதிரிப் பெயரும் இல்லை, ஆட்களும் இல்லை. நான் பீஸ் வாங்கத்தான் வேண்டும்." சரியான பேச்சு. அறக்கட்டளையையும் வியாபாரத்தையும் ஒன்றாகக் குழப்பித் தொடங்கி, இரண்டும் இல்லாமல் முடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் இல்லை என்று மச்சாள் சொன்னாலும், அந்த மண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மருதனார்மடத்துக்கு வெகு தூரமில்லாத புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்தவர்தான் தர்ஜினி சிவலிங்கம். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். நாற்பது வயதில், 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவரும் அவரே. 2022 செப்டம்பரில் சிங்கப்பூரில் இலங்கை மறுபடியும் ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. நாற்பதுக்குப் பிறகு பெண்ணுக்கு என்ன விளையாட்டு என்று அந்தப் பக்கத்தில் யாரும் மச்சாளிடம் கேட்க முடியாது.

நம்மிடையேயும் அப்படிக் கேட்க நியாயமில்லை. கதீஜா (ரழி) அவர்கள் சிரியாவுக்குச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்த பெண்மணி. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. இதைப் பள்ளிவாசலில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் சிரிப்பவன் நான். அது கிடக்கட்டும், கணக்குக்கு வருவோம்.

கொப்பியில் இருந்தது இதுதான். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், ஆகவே வரவு 80,000. செலவில் காணிக் குத்தகை 15,000, உதவிப் பயிற்றுநராக ஒரு யுவதிக்கு 25,000, மின்சாரமும் தண்ணீரும் 8,000, பந்து, முதலுதவி, திருத்தவேலை 6,000. மொத்தம் 54,000. மிச்சம் 26,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருடத்துக்கு 312,000 என்று கீழே கோடு போட்டிருந்தார்.

அந்தப் பன்னிரண்டைத்தான் நான் வெட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. செம்மண் தரையில் மழை பெய்தால் பந்து எழும்பாது, பிள்ளைதான் வழுக்கும். சாதாரண தரப் பரீட்சை, புலமைப்பரிசில் என்று வந்தால் தாய்மார் முதலில் நிறுத்துவது விளையாட்டைத்தான், ரியூஷனை அல்ல. நோன்பு மாதத்தில் நம் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆகவே ஒன்பது மாத வரவு 720,000. செலவு பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு, 648,000. மிச்சம் 72,000. மாதம் ஆறாயிரம். மச்சாளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் முதல் போடுவதற்கு முன் வாடுகிற முகம் பிறகு வாடுகிறதை விட நல்லது.

இந்த இடத்தில் மனைவி ஒரு வார்த்தை சொன்னார். "காலையில அந்தக் காணி சும்மாதானே கிடக்கும்?" பாடசாலைப் பிள்ளைகள் வருவது பின்னேரம். சனி, ஞாயிறு காலைகளில் ஐந்து வயது முதல் ஒன்பது வரையான சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டம், பாய்ச்சல், பந்து பிடித்தல் என்று வைக்கலாம். அவர்களுக்குப் பரீட்சைத் தொல்லை குறைவு. முப்பது பிள்ளைகள், 1,500 வீதம், ஒன்பது மாதம் என்றால் 405,000. மேலதிக உதவிக்கு மாதம் 10,000 வீதம் வருடத்துக்கு 120,000 கழித்தாலும், முந்திய மிச்சத்தோடு சேர்த்து 357,000. மாதத்துக்கு முப்பதினாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவருடைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. "பாதி போதும், மகள் கையுடுப்புத் தைப்பாள்" என்றார் மச்சாள்.

கையுடுப்பு என்றது முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும், மேலே தொடை வரை வரும் மெல்லிய மேலங்கியும். அஹேதா கதையை அவருக்குச் சொன்னது நான், ஆனால் அதை விற்பனையாகக் கண்டது அவர்தான். மருதனார்மடத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களின் தாய்மாருக்கும் பின்னேர வெயிலைப் பற்றியும் குட்டைப் பாவாடையைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறதாம். துணியை நான் மொத்த விலைக்கு எடுத்துக் கொடுப்பேன். அந்த லாபம் தனிக் கணக்கு.

சந்தைக்காரர் ஒருவரிடம் காணி விசாரித்தபோது அவர் நினைவூட்டிய விஷயமும் உண்டு. 2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில்தான் கொரோனாக் கொத்தணி உருவாகிச் சந்தையையே மூடினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளும் மூடப்பட்டன. அரிசிக் கடை அப்போதும் திறக்கும், மைதானம் திறக்காது. ஆகவே ஆறு மாதக் குத்தகைப் பணம் தனியாக ஒதுக்கி வைக்கும்வரை லாபம் பிரிப்பதில்லை என்று எழுதிக்கொண்டோம்.

முதலுக்கு வந்தால் சிக்கல் வேறு. ஊழியர் சேமலாப நிதியை ஒரு பெண் சாதாரணமாக ஐம்பது வயதில்தான் எடுக்கலாம். மச்சாளுக்கு இன்னும் ஐந்து வருடம் உண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம். அது 150,000 அளவில் வரும். காணி மட்டம் பண்ண, வேலி அடைக்க, பத்தடி உயரத்தில் இரண்டு கோல் கம்பம் ஒட்ட, விளக்குப் போட எல்லாமாக 450,000 வேண்டும். மீதி 300,000ஐக் கடனாகத் தாருங்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான் கடன் கொடுக்கவில்லை. கடன் என்றால் வியாபாரம் படுத்தாலும் அவர் திருப்பித் தரவேண்டும், உறவு கெடும். அவர் உழைப்பு மட்டும் போட்டால் முழாரபா. முதல் போட்டவனுக்கே பண நட்டம், உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். இங்கே இருவரும் முதல் போடுவதால் இது முஷாரகா. நட்டம் முதலின் விகிதப்படி எனக்கு இரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. லாபம் முன்கூட்டியே பேசிய விகிதப்படி. மாதம் இவ்வளவு ரூபாய் என்று நிச்சயத் தொகை பேசுவது கூடாது. நான் சரிபாதி எழுதினேன். அவர் அதை வெட்டிவிட்டு, தனக்கு அறுபது, எனக்கு நாற்பது என்று எழுதினார். வேலை முழுவதும் தான் செய்வதால் அதுதான் நீதி என்றார். கையெழுத்து வைத்தேன்.

வியாபாரப் பெயரை உடுவில் பிரதேச செயலகத்தில் பதியவேண்டும், வேலிக்கும் விளக்குக்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையில் விசாரிக்கவேண்டும். பயிற்றுநர், உதவியாளர் எல்லாரும் பெண்கள். மஃரிபுக்கு அரை மணித்தியாலம் முன்பே பயிற்சி முடியும். பிள்ளையை யார் ஏற்றிச் செல்வார் என்பது இடாப்பில் எழுதியிருக்கவேண்டும், வேறு யார் வந்தாலும் அனுப்புவதில்லை. தாய்மார் உட்கார வேலியோரம் ஒரு கொட்டில். இந்தக் கொட்டிலுக்கு 40,000 எதற்கு என்று நான் கேட்டேன். "அதுதான் மச்சான் கடையின் முன்பக்கம்" என்றார்.

மச்சாள் வேலையிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். கம்பங்கள் இரண்டும் சுன்னாகத்தில் ஒட்டக் கொடுத்தாயிற்று. மழை ஒழிந்ததும் தொடங்குவது, இன்ஷா அல்லாஹ். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். நாற்பதுக்கு இன்னும் இருபத்தொன்பது வேண்டும்.